முதல் பிள்ளை 1.9 கிலோ, இரண்டாவது 2.9: மாசமாக இருந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். தங்கைக்கு இப்போது நாலு மாதம். நேற்று போனில் "அக்கா, அந்த இரும்புச்சத்து மாத்திரை குமட்டுது, நிறுத்திட்டேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. என் கதையை முழுசாக எழுதிவிடுகிறேன், நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள், அவளிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

முதல் பிள்ளையின்போது எனக்கு 21 வயது. நர்சம்மா மாதாமாதம் மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு நாள் போட்டேன், வயிற்றைப் புரட்டியது, மலம் கறுப்பாகப் போனது, பயந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அத்தை வேறு இந்த மாத்திரையைப் போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொன்னார். அவ்வளவுதான், அட்டை அட்டையாக அரிசிப் பானைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. எப்போதாவது போட்டாலும் காலை டீயோடு போடுவேன். டீயில் உள்ள துவர்ப்பு அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் மருமகள் உட்கார வேண்டும். அதற்குள் காய் தீர்ந்திருக்கும், குழம்பில் தண்ணீர்தான் மிச்சம். அதோடு, நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெரிசாகிப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று மாமியார் ஆறாம் மாதத்திலிருந்து என் சோற்றைக் குறைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் அப்படித்தான் நாலு பெற்றார், அதில் ஒன்று தங்கவில்லை.

ஏழாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. மாசமாக இருப்பவளுக்கு 11 இருக்க வேண்டும். ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றினார்கள், ஆனால் அது பலன் தர நேரம் வேண்டாமா? 36 வாரத்தில் வலி வந்து பையன் பிறந்தான், 1.9 கிலோ. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சி பாலாடையில் ஊற்றினோம், நெஞ்சோடு தோல் ஒட்ட நாள் முழுக்கக் கட்டிவைத்திருந்தேன். ரத்தக்குறைவு மட்டும்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல முடியாது, ஆனால் குறைமாதத்துக்கும் எடைக்குறைவுக்கும் அது பெரிய காரணம் என்றார். ஒரு வயசு வரை அவனுக்கும் ரத்தக்குறைவு இருந்தது. பிள்ளை தனக்கு வேண்டிய இரும்பைக் கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகமாகச் சேர்த்துவைக்குமாம், என்னிடமே இல்லாதபோது அவனுக்கு எங்கிருந்து வரும்?

வந்து பார்த்தவர்கள் எல்லோரும் "ஒழுங்காச் சாப்பிட்டியா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். என் தட்டில் என்ன விழுந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இரண்டாவதுக்கு எல்லாவற்றையும் மாற்றினோம். மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. சுண்ணாம்புச்சத்து மாத்திரை மதியம், ஏனென்றால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). என் வீட்டுக்காரர் தன் தட்டை என் பக்கத்தில் வைத்து "சேர்ந்தே சாப்பிடுவோம்" என்று உட்கார ஆரம்பித்தார். மாமியார் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே எனக்கு முட்டை அவித்து வைத்தார். 9.4-ல் ஆரம்பித்த ரத்த அளவு எட்டாம் மாதம் 11.2. பெண் பிறந்தபோது 2.9 கிலோ.

*பதில் 1, கோவை*

எங்கள் வீட்டில் அப்படியே தலைகீழ். "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்" என்று காலையில் நெய்த்தோசை, பத்து மணிக்கு ஜூஸ், சாயங்காலம் ஸ்வீட். நான் ஐடி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான், எழுந்து நடந்தால்கூட அம்மா "உட்காரு உட்காரு" என்பார். அன்புதான், அதை எப்படிக் குறை சொல்ல.

ஆறாம் மாதம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கும் டெஸ்ட்டில் வாந்தி எடுத்துவிட்டேன். இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள், நான் போகவில்லை, அவர்களும் திரும்பக் கேட்கவில்லை. எட்டாம் மாதத்தில்தான் சர்க்கரை தெரிந்தது. இன்சுலின் போடச் சொன்னபோது பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இரண்டு வாரம் இழுத்தடித்தேன். பிறகுதான் டாக்டர் உட்காரவைத்து விளக்கினார்: அம்மாவின் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், ஆனால் போட்டுக்கொள்ளும் இன்சுலின் போகாது. வருகிற சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானே இன்சுலினை அதிகமாகச் சுரக்கும், பிள்ளை கொழுப்பு வைத்துப் பெருக்கும். பிறந்து கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், அந்த இன்சுலின் மட்டும் அப்படியே இருக்கும்.

அதுதான் நடந்தது. 4.1 கிலோ, ஆபரேஷன். எல்லோரும் "கொழுகொழுன்னு இருக்கான்" என்று கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே கை கால் நடுங்க ஆரம்பித்தது, குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 30. மூன்று நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். இப்போது அவனுக்கு ஆறு வயசு, நன்றாக இருக்கிறான், ஆனால் இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னால் உடல்பருமனும் சர்க்கரையும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் சாயங்காலம் அவனோடு நானும் ஓடுகிறேன். தங்கையிடம் சொல்லுங்கள், அந்த டெஸ்ட்டில் வாந்தி வந்தால் மறுநாளே போய் மறுபடி குடிக்கட்டும்.

*பதில் 2, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்*

முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தேன். மாத்திரை கொடுத்ததை ரிஜிஸ்டரில் எழுதினேன், விழுங்கினாளா என்று கேட்க எனக்குப் பல வருஷம் ஆனது. ஒரு பெண் பச்சரிசியையும் அடுப்புச் சாம்பலையும் ஒளிந்து தின்றுகொண்டிருந்தாள். மசக்கை ஆசை என்று வீட்டில் சிரித்தார்கள், பார்த்தால் ரத்தம் ஆறுதான். மண், சாம்பல், சிலேட்டுக் குச்சி, ஐஸ் என்று கேட்டால் சிரிக்காமல் ரத்தம் பாருங்கள். அதன்பிறகு நான் காலி அட்டையைக் காட்டச் சொல்லித்தான் அடுத்த அட்டை கொடுத்தேன்.

கோவைப் பெண் சொன்ன டெஸ்ட் 2007-லிருந்து நம் மாநிலத்தில் மாசமாக இருக்கும் எல்லோருக்குமே உண்டு. சென்னை டாக்டர் வி. சேஷையா இதற்காக நிறையப் பாடுபட்டவர். வெறும் வயிறு தேவையில்லை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் சர்க்கரை என்று கணக்கு. முதல் தடவை வரும்போதே பார்க்க வேண்டும், சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பவும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஃபோலிக் அமில மாத்திரையை மூன்றாம் மாதம் வந்து கேட்பார்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய் சரியாக மூடத்தான் அந்த மாத்திரை, ஆனால் அது கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்குள்ளேயே பாதி நாள் போய்விடுகிறது. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே ஆரம்பிப்பதுதான் சரி, தினம் 400 மைக்ரோகிராம் போதும். கல்யாணமான பெண்களிடம் இதை முன்கூட்டியே போய்ச் சொல்லாமல் விட்டேனே என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

*பதில் 3, ஒரு அப்பா*

எல்லோரும் பெண்களையே கேட்கிறீர்கள், நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். மனைவி மாசமாக இருந்தபோது நான் படுக்கையறையில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தேன். பிள்ளை 2.2 கிலோ. அவள் ஒரு நாளும் புகைத்ததில்லை, ஆனால் என் புகை அவளுக்குள் போனது, அதுவும் எடையைக் குறைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விட்டு மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் தங்கை வீட்டில் யாராவது பிடித்தால் வாசலோடு நிறுத்துங்கள். விறகடுப்பு இருந்தால் அந்தப் புகையும் அப்படித்தான்.

*திண்டுக்கல்*

எல்லோருக்கும் நன்றி. தங்கைக்கு அனுப்பினேன், உட்கார்ந்து முழுக்கப் படித்தாளாம். மச்சானுக்கும் அனுப்பினேன், மூன்றாவது பதிலை அவர் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னாள். நேற்று ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு மாத்திரையைப் போட்டிருக்கிறாள், குமட்டல் இருந்தது, ஆனால் தூங்கிவிட்டதால் பெரிதாகத் தெரியவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் கூடப் போகிறேன். ரத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.