ஏதென்ஸில் குடிமகன் சான்று யார் கொடுத்தார்கள்?

செக்போஸ்ட்காரன்:
எங்கள் வீடு கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் என் பேச்சைக் கேட்டுவிட்டு "மலையாளமா?" என்பார்கள். பாலக்காட்டில் நான் "பாண்டி", அதாவது தமிழன். மகளின் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்டுக்காக வில்லேஜ் ஆபீஸுக்கு இதுவரை நாலு நடை. தாத்தா காலத்து நில ஆதாரம் வரை கேட்டாயிற்று. வரிசையில் நின்றபடி போனில் படித்தேன்: பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் கி.மு. 451இல் தலைவர் பெரிக்ளீஸ் போட்ட சட்டப்படி, அப்பா அம்மா இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை. சரி, சர்ட்டிபிகேட்டே இல்லாத ஊரில் அதை எப்படி நிரூபித்தார்கள்? யாரும் குடவோலையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், அது வேறு கதை.

ஓய்வு வாத்தியார்:
சான்று என்பது ஊர்க்காரர் வாய்தான் தம்பி. பையனுக்கு 18 வயதானதும் டெமோஸ் என்ற ஊர்ப்பிரிவில் ஓட்டெடுத்துச் சேர்ப்பார்கள். கி.மு. 346 வாக்கில் பட்டியலைத் திரும்பச் சலிக்கச் சொன்னார்கள். ஹாலிமூஸ் ஊர் யூக்ஸிதியோஸுக்கு அப்போது பிடித்தது சனி. கூட்டத்தை இருட்டும்வரை இழுத்து, பலர் ஊர் திரும்பிய பிறகே அவர் பெயரை ஓட்டுக்கு எடுத்து, பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மிஞ்சியவர்கள் முப்பது பேருக்கு மேல் இல்லை, விழுந்த ஓட்டோ அறுபதுக்கு மேல் என்று அவர் நீதிமன்றத்தில் புலம்புகிறார். பேச்சை எழுதிக் கொடுத்தவர் பெரிய சொற்பொழிவாளர் டெமாஸ்தனிஸ்.

முக்கியக் குற்றச்சாட்டைக் கேள்: அவர் அப்பா அந்நிய உச்சரிப்பில் பேசினாராம். அந்த மனுஷனோ போரில் பிடிபட்டு, லியூக்காஸ் தீவுப் பக்கம் விற்கப்பட்டு, பல வருஷம் கழித்து ஊர் திரும்பியவர். அம்மா சந்தையில் ரிப்பன் விற்றதும் குறையாகப் போயிற்று.

கருப்புக் கோட்டு:
வாத்தியார் விட்டதை நான் சொல்கிறேன். அங்கே தொழில்முறை நீதிபதி கிடையாது. முப்பது வயது தாண்டிய ஆண் குடிமக்களில் ஆண்டுக்கு 6,000 பேர் ஜூரிப் பட்டியலில் இருப்பார்கள். வழக்குக்குச் சில நூறு பேர், தினக்கூலி மூன்று ஓபோல், அந்த ஊர்ச் சின்ன வெள்ளிக்காசு. தங்களுக்குள் கலந்து பேசுவதே இல்லை, கேட்டதும் ஓட்டுதான். ஒவ்வொருவர் கையிலும் நடுத்தண்டு உள்ள இரண்டு வெண்கல வில்லைகள். துளைத்தண்டு வாதிக்கு, கெட்டித்தண்டு பிரதிவாதிக்கு. தண்டின் முனைகளை விரலால் மூடிக்கொண்டால் யாருக்கு ஓட்டு என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. யூக்ஸிதியோஸ் மாதிரி மேல்முறையீடு செய்து தோற்றால், ஆளையே அடிமையாக விற்றுவிடலாம். நம் ஊரில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முடிந்தது. அந்த ஓபோல் கணக்கைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமில்லை.

செக்போஸ்ட்காரன்:
விற்றுவிடுவார்களா! நாலு நடையோடு தப்பித்தேன் சார். வாத்தியாரே, உச்சரிப்பு விஷயம்தான் மனதைப் பிசைகிறது. என் அப்பா திருப்பூரில் இருபது வருஷம் வேலை பார்த்துத் திரும்பினார். அவர் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்காத கடைக்காரர் இல்லை. தீர்ப்பு என்ன ஆயிற்று?

ஓய்வு வாத்தியார்:
பேச்சு மட்டும்தான் தப்பிப் பிழைத்தது, தீர்ப்பு இல்லை. ஆனால் அப்பா வழி, அம்மா வழிச் சொந்தங்களை ஒவ்வொருவராகச் சாட்சிக்குக் கொண்டுவந்தார்.

செக்போஸ்ட்காரன்:
எனக்கும் அயல்வாசி சாட்சி வேண்டுமாம். பக்கத்து வீட்டுத் தாத்தா நாளைக்கு வருகிறேன் என்றிருக்கிறார். அவர் பேசுவது என்னைவிடப் பாண்டி.