அரங்கேற்ற வீடியோ: எடுப்பவரிடம் என்ன சொல்லிவைப்பது?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். கல்யாண வீடியோ எடுப்பவர்தான் வருகிறார். முன்கூட்டியே என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

பதில் 1: ரெண்டு கேமரா கேளுங்க. ஒண்ணு நடுவில், தலைகளுக்கு மேலே, மேடை முழுக்கத் தெரியிற மாதிரி அசையாம ஓடணும். இன்னொண்ணு முகத்துக்கு. கல்யாண வீடியோக்காரங்க ஜதி (தாளச் சொற்கட்டுக்கு ஆடுற பகுதி) நடுவிலேயே க்ளோசப் போவாங்க. பாதம் தெரியலைன்னா அடவு (காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு) போச்சு.

பதில் 2: பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பலவும் பதிவை 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நிறுத்திவிடும். அரங்கேற்றத்தின் நீளமான உருப்படியான வர்ணம் அதைத் தாண்டலாம். இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஆன் செய்ய வேண்டாம், பத்து நிமிட இடைவெளி விடுங்கள். எக்ஸ்போஷர் (கேமரா எடுக்கும் வெளிச்ச அளவு) மேனுவலில் இருக்கட்டும், ஆட்டோ என்றால் கறுப்புத் திரையைப் பார்த்து முகத்தை வெளுக்க வைத்துவிடும்.

பதில் 3: சவுண்ட் மிக்சரிலிருந்து நேராக ஒலி லைன் எடுத்தால் பாட்டு சுத்தமாக வரும், சலங்கை வராது. மேடை விளிம்பில் தனி மைக் வையுங்க.