புற்றுநோயால் வயிற்றில் நீர் சேரும்போது உப்பைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

62 வயதான என் தாயாருக்குச் சினைப்பைப் புற்றுநோய். கீமோ சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். இதுவரை இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்தோம். இரண்டு முறையும் பத்துப் பன்னிரண்டு நாள்களில் வயிறு பழையபடி இறுகி, படுத்தால் மூச்சு முட்டத் தொடங்கியது. எடுக்க எடுக்க ஊறும் என்று சொல்லி அக்கம்பக்கத்தார் எங்களைத் தடுக்கிறார்கள். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு உப்பில்லாக் கஞ்சி கொடுத்தால், அம்மா இரண்டு வாயோடு கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். எது சரி?

பதில் 1 (வலிநிவாரணப் பிரிவுச் செவிலியர், பாலக்காடு)

சகோதரி, வயிற்றில் நீர் கோப்பதைக் குறிக்கும் மகோதரம் என்ற சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுதான். அதைக் கேட்டதும் குடிப்பழக்கத்தால் கெட்ட கல்லீரல்தான் நம் ஊராரின் நினைவுக்கு வருகிறது. குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது. கல்லீரல் சுருங்கும் நோயில், கல்லீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறி, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நீர் சேர்கிறது. அங்கே உப்பைக் குறைப்பதும் நீர் பிரியும் மாத்திரையும் பலன் தரும். சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் வயிற்றின் உள்சவ்வில் நோய் பரவி, இரத்தக் குழாய்கள் கசிந்து, நிணநீர் வடியும் வழியும் அடைபடுவதால் நீர் கோத்துக்கொள்கிறது. அதற்கு உப்பில்லாச் சோறு எவ்விதத்திலும் உதவாது. ஏற்கெனவே மந்தமான பசியைத்தான் அது கெடுக்கும். இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ மருத்துவர் தடுத்திருந்தாலொழிய, அவர் விரும்புவதைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள்.

நீர் மீண்டும் ஊறுவதற்கு நோய்தான் காரணம், எடுத்ததனால் ஊறுவதில்லை. எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மூச்சும் வயிற்றுப் பாரமும் தணியும். பொதுவாக 5 லிட்டர் வரை ஒரே தடவையில் எடுக்கலாம். இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவர்களுக்குக் குறைவாகவும் மெதுவாகவும் எடுப்பார்கள். அடிக்கடி எடுக்க நேர்ந்தால், தோலுக்கடியில் பதித்து வைக்கும் மெல்லிய குழாயைப் பற்றிக் கேளுங்கள். வீட்டிலேயே வடித்துவிடலாம், ஆனால் செலவும் தொற்றும் அடைப்பும் உண்டு. நம் பஞ்சாயத்தின் வீட்டுப் பராமரிப்புச் செவிலியர் அதைக் கவனிக்க முடியுமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (பொள்ளாச்சி)

செவிலியர் கூறியதற்கு ஒரு விதிவிலக்கு. என் தந்தையாருக்குப் புற்று கல்லீரலுக்கே பரவியிருந்தது. ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் பிரியும் மாத்திரையால் சில வாரங்கள் வயிறு தளர்ந்தது, பிறகு தலைச்சுற்றல் வந்ததால் நிறுத்தினோம். இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவிலிருந்து வயிற்று நீரிலுள்ள அதன் அளவைக் கழித்து, வித்தியாசம் 1.1 (கிராம்/டெசிலிட்டர்) அல்லது அதற்கு மேல் இருந்தால் மாத்திரையை முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் விளக்கினார். ஊசி போட்ட இடம் கசிந்தபோது, துணியை மாற்றிச் சலித்து, மலம் சேகரிக்கும் பையை அங்கே ஒட்டினோம், படுக்கை நனையவில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. அம்மாவுக்கு அந்த வித்தியாசம் 0.7 என்று சீட்டில் இருக்கிறது. மூச்சு முட்டும்வரை காத்திருந்துதான் நீர் எடுக்க வேண்டுமா?

பதில் 1-இன் தொடர்ச்சி

அப்படியானால் மாத்திரையில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். மூச்சு முட்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம்: பத்தாம் நாள் இறுகுமென்றால் எட்டாம் நாளுக்கே நேரம் வாங்கிவிடுங்கள். இடையில் காய்ச்சலோ, தொட்டால் பொறுக்காத வயிற்றுவலியோ, சிறுநீர் குறைந்து பேச்சில் தடுமாற்றமோ கண்டால் மட்டும், நாளைப் பாராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.