சிறிய சர்வருக்கு மலிவான டேப் பேக்கப்: எதை வாங்கலாம்?

அச்சுக்கூடம்:
வணக்கம். அலுவலக சர்வரின் தரவைக் காந்த நாடாவில் நகலெடுத்து வைக்க டேப் பேக்கப் வாங்கச் சொல்லி முதலாளி உத்தரவிட்டுவிட்டார். 50,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்? கடையில் பார்த்த காட்ரிட்ஜின் (நாடா உள்ள பெட்டி) உறையில் 6.25 டிபி என்று அச்சிட்டிருந்ததால், ஒன்றே பல மாதங்களுக்குப் போதும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும், விரைவாக உதவவும்.

வைகைக்கரை:
தரவு எவ்வளவு, எந்த வகைக் கோப்புகள், எந்த இயங்குதளம், சர்வரில் எந்தக் கார்டு உள்ளது என்று எதையுமே தாங்கள் குறிப்பிடவில்லையே?

பழைய நிர்வாகி:
தம்பி, உறையில் உள்ள எண்ணை நம்பிப் பணத்தை எடுத்து வைக்கிறவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அது எல்டிஓ-6 காட்ரிட்ஜ், அதாவது எல்டிஓ என்ற டேப் வகையின் ஆறாம் தலைமுறை. அதன் உண்மையான கொள்ளளவு 2.5 டிபி, தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று தயாரிப்பாளர்களே வைத்துக்கொண்ட கணக்குத்தான் 6.25. இந்த அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கலாம்.

அச்சுக்கூடம்:
மன்னிக்கவும். சிவகாசியில் அச்சகம். காலண்டர், டைரி வடிவமைப்புக் கோப்புகள் மொத்தம் 1.8 டிபி, பெரும்பாலும் ஜேபெக், பிடிஎஃப். சர்வரில் உபுண்டு, ரெய்டு கார்டு (பல டிஸ்குகளை ஒன்றாக இயக்குவது) உள்ளன.

வைகைக்கரை:
ஜேபெக் கோப்புகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. டேப்பில் எழுதும் கருவியான டிரைவ் மேலும் சுருக்க அவற்றில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமிருக்காது. எல்டிஓ-5 காட்ரிட்ஜ் 1.5 டிபிதான் கொள்ளும் என்பதால், பாதி இரவில் ஒருவர் எழுந்து காட்ரிட்ஜை மாற்ற வேண்டிவரும். எல்டிஓ-6 என்றால் ஒன்றில் அடங்கும். புதிய தலைமுறை டிரைவ்கள் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்பதால், உங்கள் தொகைக்குப் பயன்படுத்திய எல்டிஓ-6 டிரைவைத் தேடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அது எல்டிஓ-5 காட்ரிட்ஜிலும் எழுதும், எல்டிஓ-4-ஐப் படிக்க மட்டும் செய்யும். விலை குறைவாகக் கிடைக்கிறது என்று எல்டிஓ-7 காட்ரிட்ஜ் வாங்கிவிடாதீர்கள். அது இந்த டிரைவில் வேலை செய்யாது. டிரைவை ரெய்டு கார்டில் இணைக்காமல், தனியாக ஓர் எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு (டிரைவைச் சர்வருடன் நேரடியாக இணைப்பது) வாங்கி இணையுங்கள். அச்சு எந்திரத்தில் தூவும் பவுடர் பறக்கும் அறையில் டிரைவை வைக்கவே கூடாது.

கடற்காற்று:
1.8 டிபிக்கு டேப் எதற்கு? 4 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகலெடுத்து, ஒன்றை முதலாளி வீட்டில் வைத்தால் வேலை முடிந்தது. பாதிப் பணம் மிச்சம்.

பழைய நிர்வாகி:
கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழையும்போது செருகியிருக்கும் டிஸ்கும் சேர்ந்தே போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா? டேப் முப்பது ஆண்டுகள் தாங்கும்.

கடற்காற்று:
செருகாத டிஸ்க் முதலாளி வீட்டு பீரோவில்தான் இருக்கும், ஐயா. முப்பது ஆண்டுகள் என்பது குளிரூட்டிய, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் கொதிக்கும் சிவகாசிக் கிடங்குக்கு அது பொருந்தாது. அப்படியே தாங்கினாலும், அன்றைக்கு அதைப் படிக்க டிரைவ் வேண்டாமா? எல்டிஓ-8 டிரைவால் எல்டிஓ-6 காட்ரிட்ஜைப் படிக்கவே முடியாது. காலண்டர் வாடிக்கையாளர் கேட்பதோ போன ஆண்டு வடிவமைப்பை.

பழைய நிர்வாகி:
கேள்வி டேப்பைப் பற்றியது. அதற்குப் பதில் இருந்தால் எழுதுங்கள்.

வைகைக்கரை:
இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் முதலாளி டேப் என்று முடிவெடுத்துவிட்டார். இன்னும் ஒன்று: எல்டிஓ-6 விநாடிக்கு 160 எம்பி வேகத்தில் எழுதக்கூடியது, அந்த வேகத்தில் உங்கள் தரவு முழுவதும் ஏற 3 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். வடிவமைப்பாளர்களின் கணினிகளிலிருந்து நேரடியாக நெட்வொர்க் வழியே அனுப்பினால், கிகாபிட் இணைப்பு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தரவு வரத்து மிகவும் குறையும்போது டேப் நின்று, பின்னோக்கி ஓடி, மறுபடி தொடங்கும். அதனால் நாடாவும், டிரைவில் அதைப் படித்து எழுதும் தலையும் தேயும். முதலில் எல்லாவற்றையும் சர்வரின் டிஸ்கில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து டேப்புக்கு எழுதுங்கள்.

அச்சுக்கூடம் (மூன்று வாரங்களுக்குப் பின்):
பழைய எல்டிஓ-6 வாங்கினோம். சொல்லியும் கேளாமல் ரெய்டு கார்டில் செருகியபோது டிரைவ் தென்படவே இல்லை. எச்பிஏ மாட்டியதும் வந்துவிட்டது. ஆனால் முழு நகலை எடுத்துவிட்டு, மறுநாள் புதிதாக வந்த கோப்புகளை மட்டும் அதே காட்ரிட்ஜில் எழுதினேன். இப்போது முழு நகலைக் காணவில்லை.

வைகைக்கரை:
டிரைவை எஸ்டி0 (st0) என்ற சாதனப் பெயரில் அழைத்து எழுதியிருப்பீர்கள். வேலை முடிந்ததும் அது டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த நகல் முதல் நகலின் மேலேயே விழும். அதே டிரைவின் இன்னொரு பெயரான என்எஸ்டி0 (nst0) மூலம் எழுதினால் விட்ட இடத்திலேயே நிற்கும். காட்ரிட்ஜை வெளியே எடுத்து மறுபடி செருகினால் அது தொடக்கத்துக்கே போய்விடும் என்பதால், எழுதுவதற்கு முன் டேப்பை நகர்த்தும் எம்டி (mt) கட்டளையால் தரவின் முடிவுக்கு நகர்த்திவிடுங்கள். அழிந்த நகல் இனித் திரும்பாது. சர்வரில் மூலக் கோப்புகள் இருப்பதால் இன்றிரவே புதிதாக எடுங்கள். எடுத்தபின் நான்கைந்து கோப்புகளை வேறு ஓர் இடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள்.

அச்சுக்கூடம்:
எஸ்டி0 தான். மாற்றிவிட்டேன். நான்கு காலண்டர் கோப்புகள் சரியாகத் திறந்தன. நன்றி.