புதுப்பிப்பு: செங்கமடைக் கோட்டையைப் பார்த்துவிட்டேன்

இராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் இருக்கும், இராமநாதபுரம் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்கள் காலத்துச் செங்கமடைக் கோட்டையில் இன்னும் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். இருக்கிறது, அவசியம் போங்கள்.

கோட்டக்கரை ஆற்றை ஒட்டிய இடம். ஆறுமுகக் கோட்டை என்ற பெயருக்கு ஏற்றபடி மதில் ஆறு முனைகளாக மடங்கி மடங்கிப் போகிறது. முழுக்கச் செங்கலும் சுண்ணாம்பும். எனக்கு அந்த முனைகள்தான் அதிசயம். நேர்ச்சுவரின் அடியில் ஒண்டி நிற்பவனை மேலே இருப்பவனால் சுடமுடியாது. முனை துருத்திக்கொண்டு நின்றால் பக்கவாட்டிலிருந்தே சுடலாம். பீரங்கிக் காலத்துக்கென்றே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்! இராமநாதபுரம் கோட்டை 1772இல் ஆற்காடு நவாப், கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படைகளிடம் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தச் சீமையின் வடக்குப் பகுதியில் நின்ற இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேர் செங்கல்லைப் பிளப்பதைப் பார்க்க மனசு பதறியது. முள் குத்தாத செருப்பு, தண்ணீர் இரண்டும் வேண்டும். காலையிலேயே போய்விடுங்கள். தயவுசெய்து மதில்மேல் ஏறாதீர்கள், செங்கல் உதிர்கிறது. அப்புறம், இதே கோட்டக்கரை ஆற்று முகத்துவாரத்தில்தான் காரங்காடு அலையாத்திக் காடும் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

அடுத்து குண்டாற்றங்கரைக் கமுதிக் கோட்டை. போனவர்கள் வழி சொல்லுங்கள்.