'கெட்' வினைச்சொல்லைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

வணக்கம். எங்கள் தெருவில் தமிழ் வழியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இப்போது 'கெட்' என்ற வினைச்சொல்லில் வந்து நிற்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

'பெறு' என்று ஒரே பொருளைப் படித்துவிட்டு வருகிறார்கள். 'ஐ காட் எ லெட்டர்' வரைக்கும் அது சரி, ஆனால் 'இட்ஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டுகிறது, 'வீ காட் ஹோம்' என்றால் வீடு வந்து சேர்ந்தோம், 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் புரியவில்லை என்று போய்க்கொண்டே இருக்கிறது. 'ஐ காட் மை ஹேர் கட்' என்று எழுதியதும் ஒரு பெண் "அப்போ வெட்டினது யாரு சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, வேறொருவரைக் கொண்டு செய்துகொள்வதைத்தானே அது சொல்கிறது.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. அதன் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்கலாமா? பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் பெறுவது, பெயரடை வந்தால் ஆவது, இடம் வந்தால் போய்ச் சேர்வது. அப்புறம் 'கெட் அப்', 'கெட் ஓவர்', 'கெட் அலாங்' மாதிரிக் கூட்டுவினைகளை எப்போது தொடங்குவது? பஸ்ஸுக்கு 'கெட் ஆன்', காருக்கு 'கெட் இன்' ஏன் என்பதை எளிமையாக எப்படி விளக்குவீர்கள்?

தமிழ் விளக்கத்தோடு பயிற்சித்தாள் யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துவிடப் பார்க்கிறேன்.