சிகிச்சைக்குப் போனால் அவிசுவாசமா? ஜெபக் குழுவில் வரும் மூன்று கேள்விகள்

காத்திருப்பு_7:
ஸ்தோத்திரம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கான ஜெபக் குழுவில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 1) யாத்திராகமம் 23:26-ஐ வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டவர்கள் டெஸ்ட், மருந்து என்று போனால் அது அவிசுவாசமா? 2) ஐவிஎஃப் (கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்யலாமா, எந்த எல்லை வரை? 3) மாதவிலக்கு வந்த அன்று ஜெபிக்கவே வாய் வராதவர்களிடம் "கர்த்தருடைய நேரம் வரும்" என்பதைத் தவிர என்ன சொல்வது? தயவுசெய்து சாட்சிகள் வேண்டாம், அவை குழுவிலேயே நிறைய இருக்கின்றன. செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

ஒலிவக்கிளை:
முதல் கேள்விக்கு மட்டும். அந்த வசனத்தை முழுசாக வாசியுங்கள். "கர்ப்பம் விழுகிறதும் மலடும் உன் தேசத்தில் இருப்பதில்லை" என்பதோடு அது முடியவில்லை, "உன் ஆயுசு நாட்களைப் பூரணப்படுத்துவேன்" என்றும் இருக்கிறது. இளம் வயதில் இறந்த விசுவாசியின் வீட்டில் போய் இரண்டாம் பாதியை யாரும் நீட்டுவதில்லை. முதல் பாதியை மட்டும் குழந்தை இல்லாதவர் வீட்டில் நீட்டுகிறோம். அது கானானுக்குள் போகவிருந்த ஒரு ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் வார்த்தை. தனித்தனி தம்பதிக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அல்ல.

தேவனிடம் நமக்கு நல்ல திட்டம் உண்டு என்று காட்டப்படும் எரேமியா 29:11-ம் இப்படித்தான். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அது வந்தபோது நடுவயதில் இருந்தவர்கள் திரும்பிப்போவதைப் பார்த்திருக்க வழியில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் (29:5). திட்டம் தேவனிடம் இருக்கிறது. அதன் தேதியும் விவரமும் நம் கைக்கு வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் நம்பிக்கை. "நிச்சயம் குழந்தை வரும்" என்று நம்புவது வேறு, தேவனை நம்புவது வேறு. முதலாவதையே இரண்டாவது என்று கற்றுக்கொடுத்துவிட்டால், மாதவிலக்கு வரும் ஒவ்வொரு முறையும் தேவன் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

பாவத்தின் தண்டனை என்று யாராவது கிளப்பினால் லூக்கா 1:6, 7 போதும். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்கள் என்று ஒரு வசனம், பிள்ளையில்லை என்று அடுத்த வசனம்.

பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளின் முகவாட்டம் மாறியது 1 சாமுவேல் 1:18-ல். கர்ப்பமானது 20-ல். இந்த வரிசையைக் குழுவில் காட்டுங்கள்.

சங்கீதக்காரன்88:
பிரதர், அன்னாள் உதாரணத்தில் ஒரு சிக்கல். 17-ல் ஆசாரியன் ஏலி ஆசீர்வாதம் சொல்லிவிடுகிறார், பிறகுதான் முகம் மாறுகிறது. வார்த்தை கிடைத்ததால் மாறியது என்று வாசிப்பவர்களை எப்படி மறுப்பீர்கள்?

ஒலிவக்கிளை:
நியாயம். ஆனால் நம் வேதாகமத்தில் அது "கட்டளையிடுவாராக" என்றுதான் இருக்கிறது. வாழ்த்து, நாள் குறித்த வாக்கு அல்ல. நாள் குறித்த வாக்கு வேண்டுமென்றால் 2 இராஜாக்கள் 4:16, பிள்ளையில்லாத சூனேமியாளுக்கு எலிசா தீர்க்கதரிசி சொன்னது. அதை எடுத்து "வருகிற வருஷம் இதே நாளில்" என்று மேடையில் எல்லாருக்கும் சொல்லும் பழக்கம்தான் அதிகமாகக் காயப்படுத்துகிறது. குழுவில் மாதமோ வருஷமோ குறித்து யாரும் தீர்க்கதரிசனம் சொல்லக்கூடாது என்று ஒரு விதியே வைத்துவிடலாம்.

மைக்ராஸ்கோப்:
மருத்துவப் பக்கம். தடுப்பு முறை எதுவும் இல்லாமல், வழக்கமான தாம்பத்தியத்தோடு 12 மாதம் கடந்தும் கருத்தரிக்காவிட்டால் பரிசோதனை. பெண்ணுக்கு 35 வயதோ அதற்கு மேலோ என்றால் 6 மாதம். மாதவிலக்கே சரியாக வராதவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. மனைவிக்கு மட்டும் இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்துவிட்டு, கடைசியில் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதுவது நேரத்தை வீணடிப்பது. மாதிரி எடுப்பதிலேயே பாதித் தவறு நடக்கும்: 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும், லூப்ரிகன்ட், எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது, சாதாரண ஆணுறையில் எடுக்கக்கூடாது, வீட்டில் எடுத்தால் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முதல் துளிகள் சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், விந்தணு அதிகம் இருப்பது அதில்தான். உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் கீழ் வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி. அதற்குக் கீழே போனால் மலடு என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு என்றுதான்.

பெண்ணுக்கு: மாதவிலக்கின் 2 அல்லது 3-ம் நாளில் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் (கருமுட்டையை வளர்க்கும், வெளிவரச் செய்யும் ஹார்மோன்கள்). டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஏஎம்ஹெச் (கருமுட்டை இருப்பு) எந்த நாளிலும் எடுக்கலாம். கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டரோன் டெஸ்டுக்கு "21-ம் நாள்" என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கு மட்டும். 35 நாள் சுழற்சி என்றால் 28-ம் நாள், அதாவது அடுத்த மாதவிலக்குக்கு 7 நாள் முன்பு. தவறான நாளில் எடுத்துவிட்டு "கருமுட்டையே வெளிவரவில்லை" என்று அழுகிறவர்கள் உண்டு.

உபவாசம் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் சொல்கிறேன். 1 கொரிந்தியர் 7:5-ஐ வைத்து 21 நாள் உபவாச ஜெபம், அதோடு தம்பதிகள் பிரிந்திருப்பது என்று தீர்மானித்தால், கருத்தரிக்க வாய்ப்புள்ள ஆறு நாட்களும் (கருமுட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தின ஐந்து நாளும்) அதற்குள் அப்படியே போய்விடலாம். ஏற்கெனவே எடை குறைவாக இருக்கும் பெண் நீண்ட உபவாசம் இருந்தால் மூளையிலிருந்து வரும் ஹார்மோன் சைகையே அடங்கி, கருமுட்டை வெளிவருவது நின்றுபோகலாம். தைராய்டு மாத்திரையை "விசுவாசத்தில்" நிறுத்தவே கூடாது. தைராய்டு குறைபாட்டைச் சிகிச்சையில்லாமல் விட்டால் கருச்சிதைவு அபாயம் கூடும். தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், உபவாச நாளிலும்.

இரண்டாம்_வரிசை:
ஐவிஎஃப் பற்றி. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலை தெளிவு: 1987-ல் வாடிகன் கொடுத்த அறிவுரையும் 2008-ல் வந்ததும் அதை ஏற்கவில்லை. மற்ற சபைகளில் ஒரே குரல் இல்லை, பெரும்பாலும் மனசாட்சிக்கு விடுகிறார்கள். ஆனால் மனசாட்சிக்கு விடுவதென்றால் விவரம் தெரிந்திருக்க வேண்டாமா? முட்டை எடுத்து முடித்த பிறகு போதகரிடம் வருவதில் பயனில்லை.

முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: எத்தனை கருமுட்டைகளை விந்தணுவோடு சேர்ப்பீர்கள்? மீதியைக் கருவாக்காமல் முட்டையாகவே உறைய வைக்க முடியுமா? ஒரே ஒரு கருவை மட்டும் உள்ளே வைப்பீர்களா? உறைய வைத்த கரு மிஞ்சினால், எங்களில் ஒருவர் இறந்தால், ஒப்புதல் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலரும் வாசிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். குறைவாகச் சேர்த்தால் ஒரு சிகிச்சைச் சுழற்சிக்கான வாய்ப்பும் குறையும், அந்த விலையைத் தெரிந்தே ஒத்துக்கொள்ள வேண்டும்.

கருமுட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையில் மிச்சக் கரு என்ற கேள்வியே எழாது. சுய இன்பத்தில் மாதிரி எடுக்க மனசாட்சி இடம் தராதவர்களுக்கு, விந்தணுக்கொல்லி மருந்து இல்லாத, அதற்கென்றே செய்த சேகரிப்பு உறை இருக்கிறது. தாம்பத்தியத்தின்போதே எடுக்கலாம். அது கருத்தடை ஆகிவிடாதபடி கத்தோலிக்கர்கள் அதில் சிறு துளையிட்டுப் பயன்படுத்துவது வழக்கம்.

சங்கீதக்காரன்88:
மூன்றாம் கேள்வி. வாய் வராத அன்று சங்கீதம் 13. ஆறே வசனம்: முதல் இரண்டும் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டும் கேட்பது, கடைசி இரண்டும் நம்பிக்கை. முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளவும் அனுமதி கொடுங்கள். 88 முழுவதுமே அப்படி, கடைசி வரியில்கூட விடியல் இல்லை. அதையும் வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னாலே சிலருக்கு மூச்சு வரும்.

சிகிச்சையின் கடைசி இரண்டு வாரத்தில் உடம்பில் தெரிவதை அடையாளமாக எடுக்கச் சொல்லாதீர்கள். புரோஜெஸ்டரோன் மருந்தே மார்பு வலி, களைப்பு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் தரும். முட்டையை வெளிக்கொண்டுவரும் ஹெச்சிஜி ஊசி போட்டவர்களுக்கு, அந்த மருந்தே 10, 14 நாள் வரை வீட்டு டெஸ்டில் இரண்டு கோடு காட்டிவிடலாம். அதை நம்பிக் குழுவில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தபின் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மருத்துவர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனை, அதுவரை மருந்தை நிறுத்தாமல் இருப்பது.

சிகிச்சை எத்தனை சுழற்சி வரை என்பதைத் தொடங்கும் முன்பே தம்பதி பேசி, மறுபரிசீலனைத் தேதியை எழுதி வைக்கட்டும். தோற்ற வாரத்தில் எந்த முடிவும் வேண்டாம்.

காத்திருப்பு_7:
எல்லாருக்கும் நன்றி. ஜெபப் பட்டியலில் "கர்ப்பத்தின் கனி" என்ற ஒற்றை வரி இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, இந்த வாரம் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு எழுதுகிறோம். யாரிடம் குறை என்பதைப் பட்டியலில் எழுதுவதில்லை என்றும் முடிவு. ஒரு சந்தேகம்: விந்துப் பரிசோதனை சரியில்லை என்றால் அடுத்த வாரமே திரும்ப எடுக்கலாமா?

மைக்ராஸ்கோப்:
வேண்டாம். விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும், அதனால் மூன்று மாதம் கழித்து. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அந்தத் தேதியையும் லேபில் சொல்லுங்கள். விந்தணுவே இல்லை என்று வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், சீக்கிரமே மறுபடி எடுத்து யூராலஜிஸ்டை (சிறுநீரக, ஆண் உறுப்பு மருத்துவர்) பாருங்கள். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவரா என்று முதலில் கேட்பார்கள், மழுப்பாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.